கருவிக்குக் கூர் தரும் கருவி

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலிலே நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த வேல்களைக் கண்டார். தம் மன்னனுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிலே கிடப்பனவாகச் சொன்னார். புறநானூற்றுச் செய்தி இது. புகழ்வது போலப் பழித்த நயத்தை வகுப்பறையிலே பாராட்டிவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். ஆயின், தொழிலாளி ஒருவன் அப்பாட்டைக் கேட்டால் அவன் மனத்திலே முதலில் தைப்பது வேறோர் உண்மை. உழைக்கும் கருவி மழுங்கும். மழுங்கிய கருவி பட்டறைக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

அங்ஙனம் வரும் கருவிக்குக் கூர் தருவது எது? அதனை ஒருவன் தன் வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்ள இயலுமா? இயலுமாயின், செப்பமற்ற பொறிகளைக் கொண்டு செப்பமான பொறி ஒன்றை எங்ஙனம் உண்டாக்குவது? இவ்வினாக்களுக்கு நான் விடை கண்டது நூலகத்திலன்று; ஆனைகட்டியிலே, என் தாய்மாமன் பட்டறையிலே.

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்கே தடாகம், மாங்கரை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி வரும். தமிழ்நாடும் கேரளத்துப் பாலக்காடு மாவட்டமும் அங்கே ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அப்பால் அட்டப்பாடி மலைநாடு. தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் ஒரே கடைத்தெருவிலே கேட்கும். மாமா கோவையில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றிலே நெடுங்காலம் டர்னராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு ஒன்றை இறக்கி, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். சுற்றுவட்டாரத்து உழவர்களின் பம்புகளும் தெளிப்பான்களும் அவரிடம் வரும்.

அங்கே ஒரு டிரில் பிட் மழுங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை நகரத்தார் உணர்தல் அரிது. நகரத்திலே அடுத்த தெருவுக்குப் போய்வரலாம். ஆனைகட்டியிலோ பேருந்துக்குக் காத்திருந்து கோவை சென்று மீள ஒரு பகல் கழிந்துவிடும். அந்தி சாய்ந்தால் யானை கடக்கும் சாலை அது. அந்த ஒரு பகலும் உழவனுடைய பம்பு ஓடாது. வாழைக்குத் தண்ணீர் இல்லை. ஒரு சிறு விளிம்பின் கூர்மையை நம்பி ஒரு தோட்டம் நிற்கிறது. இதனாலேதான் மாமா கூர் தீட்டும் பொறியைத் தாமே செய்யத் துணிந்தார்.

கூர்மை என்பது யாது?

கோவைப் பக்கத்திலே கிரைண்டர் என்றால் எவரும் அடுக்களையில் இட்லிக்கு மாவாட்டுவதையே நினைப்பர். நாம் பேசப்போவது பட்டறைக் கிரைண்டரை. அதன் பாட்டனை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தோளிலே சக்கரத்தைச் சுமந்து, காலால் மிதித்துச் சுழற்றி, கத்திக்கும் கத்தரிக்கும் சாணை பிடித்துத் தரும் தெருத் தொழிலாளியின் பொறிதான் அது. அவர் கையிலே நிதானம் இருந்தது. காய்கறி நறுக்கும் கத்திக்கு அதுவே போதும். இரும்பை வெட்டும் கருவிக்கு அது போதாது.

காரணம் கூறுவேன். லேத்திலே சுழலும் இரும்பை வெட்டும் கருவியை நோக்குங்கள். அதன் மேல் விளிம்பு மட்டுமே இரும்பைத் தொடவேண்டும். விளிம்புக்குக் கீழுள்ள முகம் சற்றே பின்வாங்கியிருத்தல் வேண்டும். இந்தச் சாய்வை ஒதுக்கக் கோணம் என்று கூறலாம். சாதாரண எஃகை வெட்டுவதற்கு அது 6 முதல் 8 பாகை வரை இருப்பது வழக்கம். கோணம் இல்லாவிட்டால் முகம் முழுவதும் இரும்பின்மேல் உராயும். கருவி வெட்டாது, தேய்க்கும். தேய்த்துச் சூடேறிக் கெடும். கோணம் மிகையானாலோ விளிம்பின் அடியிலே தாங்குதற்குப் பொருள் இராது, முனை உதிர்ந்துவிடும். ஆகவே கூர்மை என்பது மெலிவு மட்டுமன்று. சரியான கோணத்திலே நிற்கும் மெலிவு. மனிதக் கை 7 பாகையை ஒருமுறை பிடிக்கலாம். மறுமுறையும் அதே 7 பாகையைப் பிடிப்பது எளிதன்று. கையின் இக்குறையை நீக்குவதே பொறியின் கடமை.

கல்லின் கதையும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பண்டு இயற்கைக் கல்லே சாணையாயிற்று. 1891இல் அமெரிக்கர் அச்சிசன் என்பார் மின் உலையிலே சிலிக்கன் கார்பைடு என்னும் கடும்பொருளை உண்டாக்கினார். பின்னர் அலுமினியம் ஆக்சைடு கற்களும் செயற்கையாக வந்தன. எஃகுக் கருவிகளுக்கு அலுமினியம் ஆக்சைடும், கார்பைடு முனைக்குப் பச்சை நிறச் சிலிக்கன் கார்பைடோ வைரக் கல்லோ ஏற்றவை. தமிழ்நாட்டிலே இத்தகைய கற்களைச் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் சென்னையிலே தோன்றியது.

கல் வளர்ந்தது போலவே கருவி எஃகும் வளர்ந்தது. 1898ஐ ஒட்டி டெய்லர், ஒயிட் என்னும் இருவரும் அமெரிக்காவிலே ஆராய்ந்து கண்ட அதிவேக எஃகு, 1900இல் பாரிசுப் பொருட்காட்சியில் காட்டப்பட்டது. முனை செந்நிறமாகக் கனன்ற நிலையிலும் அது இரும்பைச் சீவியது. பழைய கரி எஃகோ சாணையிலே நீலம் பாரித்த மாத்திரத்தில் வன்மையை இழந்துவிடும். எந்த எஃகு என்று அறியாமல் கல்லிலே வைப்பவன் கருவியைக் கூராக்கிக்கொண்டே கெடுத்துவிடுவான்.

முதற்பொறி

மாமா செய்த முதற்பொறியின் உறுப்புக்கள் எளியவை. பழுதான பம்பிலிருந்து எடுத்த அரைக் குதிரைத்திறன் மோட்டார். நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரிலே 100 மில்லிமீட்டர் கப்பி, சுழலச்சிலே 50 மில்லிமீட்டர் கப்பி, இரண்டையும் இணைக்கும் வார். ஆகவே சுழலச்சு நிமிடத்துக்கு 2880 சுற்றுச் சுற்றும். மோட்டாரின் நடுக்கம் கல்லுக்கு நேரே செல்லாமல் வார் ஓரளவு தடுக்கும் என்பது இதில் ஒரு நன்மை.

வேகத்தைக் கணக்கிடாமல் கல்லைப் பூட்டுதல் உயிரோடு விளையாடுவதாகும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல்லின் சுற்றளவு ஏறத்தாழ 0.47 மீட்டர். விநாடிக்கு 48 சுற்று. ஆகவே விளிம்பின் வேகம் விநாடிக்கு 22.6 மீட்டர். பீங்கான் பிணைப்புள்ள சாதாரணக் கற்கள் ஏறக்குறைய 33 மீட்டர் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. பெரிய கல் நல்லது என்று எண்ணி 300 மில்லிமீட்டர்க் கல்லை அதே அச்சிலே பூட்டினால் வேகம் 45 மீட்டராகிவிடும். வேகம் இரட்டித்தால் கல்லைப் பிளக்க முயலும் விசை நான்கு மடங்காகும். எனவே கல்லின் முகத்திலே ஒட்டியுள்ள தாளிலே அச்சிட்ட சுற்று வேகத்தைப் படியாமல் ஒருவரும் கல்லைப் பூட்டலாகாது.

பூட்டும் முன் கல்லைத் துளையிலே விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டிக் கேட்கவேண்டும். நல்ல கல் தெளிவாக ஒலிக்கும். விரிசலுள்ள கல் உடைந்த பானை போல மொத்தென்று ஒலிக்கும். கடையிலே கொடுத்த கல் ஒன்றை நான் அப்படியே பூட்டப்போனேன். மாமா வாங்கித் தட்டினார். ஓசை மொத்தென்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சுத்தியால் அதை இரண்டாக உடைத்துக் குப்பையிலே போட்டார். “கல்லு கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும் மாப்பிள்ளை, காதுகிட்டதான் உண்மையைச் சொல்லும்” என்றார்.

கல்லின் இருபுறமும் வைக்கும் வட்டத் தட்டுக்களின் விட்டம் கல்லின் விட்டத்திலே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. தட்டுக்கும் கல்லுக்கும் இடையே தடித்த தாள் வேண்டும். இடப்பக்கத்து முனையிலே கல் பூட்டுவதானால் இடப்புரி மரையே வெட்டவேண்டும். வலப்புரியானால் சுழற்சியே திருகாணியைக் கழற்றிவிடும். கருவி தாங்கும் மேடைக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் கருவி இடையிலே சிக்கிக் கல் சிதறும். கல்லைச் சுற்றி எஃகுக் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, மோட்டாருக்கு நில இணைப்பு ஆகிய மூன்றும் செலவு என்று எண்ணத்தக்கவை அல்ல. கையுறை மட்டும் கூடாது. சுழலும் கல் அதைக் கையோடு இழுத்துவிடும். புதுக் கல்லை ஓட்டும்போது ஒரு நிமிடமேனும் பக்கத்திலே ஒதுங்கி நிற்கவேண்டும். “கல்லுக்கு நேரா நிக்காதீங்க” என்பதே மாமா எனக்குச் சொன்ன முதற்பாடம்.

கோணம் நிற்க வேண்டுமே!

முதற்பொறி ஓடிற்று, ஆனால் கோணம் நிற்கவில்லை. ஏன் என்பதைக் கணிதம் காட்டியது.

கல்லின் வட்ட விளிம்பிலே கருவியைக் கிடையாகப் பிடித்து அறைக்கிறோம் என்று கொள்வோம். கருவியின் கூர் விளிம்பு கல்லின் மையத்துக்கு நேர் மட்டத்திலே இருந்தால், அவ்விடத்திலே கல்லின் முகம் செங்குத்தாக இருக்கும். ஒதுக்கக் கோணம் சுழி. விளிம்பு மையத்துக்கு மேலே உயர உயரக் கோணம் உண்டாகும். எவ்வளவு உயர்த்துவது? கல்லின் ஆரத்தை வேண்டிய கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கவேண்டும். ஆரம் 75 மில்லிமீட்டர். 7 பாகையின் சைன் 0.1219, பெருக்கினால் 9.1 மில்லிமீட்டர். மாமா அந்த அளவிலேதான் மேடையைப் பற்றவைத்திருந்தார்.

ஆனால் கல் தேயும் பொருளன்றோ? ஆரம் 60 மில்லிமீட்டராகத் தேய்ந்தபோது அதே உயரம் ஏறத்தாழ 8.8 பாகையைத் தந்தது. மாதந்தோறும் கருவியின் முனை மெலிந்துகொண்டே வந்தது, உதிர்ந்தது. எஃகின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். பழி எஃகினுடையதன்று; அசையாத மேடையினுடையது. மேலும் வட்ட விளிம்பு முகத்தைக் குழிவாகத் தேய்க்கும். தடித்த கருவியிலே கீழே செல்லச் செல்லக் கோணம் குறையும்.

இதற்கு மருந்து கிண்ண வடிவக் கல். அதன் வாய்முகம் தட்டையானது. தேய்ந்தாலும் தட்டையாகவே தேயும். மேடையை 7 பாகை சாய்த்து நிறுத்தினால் கல் தீருமட்டும் கோணம் மாறாது. சாதாரணத் தட்டைக் கல்லின் பக்கத்திலே அழுத்தி இவ்வேலையைச் செய்யலாகாது. அக்கல் பக்கவிசையைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று.

சரி, 7 பாகையை அளப்பது எங்ஙனம்? பள்ளிக்கூடத்துக் கோணமானியால் ஆகாது. ஒரே விட்டமுள்ள இரண்டு உருளைகளை, மையத்துக்கு மையம் 100 மில்லிமீட்டர் இருக்கும்படி ஒரு சட்டத்திலே பதித்துக்கொள்ளவேண்டும். ஓர் உருளையின் கீழே 12.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள கட்டையை வைத்தால் சட்டம் 7 பாகை சாயும், 8.7 வைத்தால் 5 பாகை. கோணத்தை அளப்பது கடினம். நீளத்தை அளப்பது எளிது. கடினமானதை எளியதாக மாற்றித் தருவதே இச்சட்டத்தின் பெருமை. பழைய பேரிங் ஒன்றை உடைத்தெடுத்த இரண்டு உருளைகளே எங்களுக்குப் போதுமாயின.

டிரில் பிட்டுக்கும் இதே நெறிதான். அதன் முனைக்கோணம் பொதுவாக 118 பாகை. ஆகவே இரண்டு உதடுகளும் அச்சிலிருந்து 59 பாகை விலகி, ஒரே நீளமாக இருக்கவேண்டும். ஓர் உதடு நீண்டுவிட்டால் துளை பிட்டைவிடப் பெரிதாகிவிடும். பிட்டைத் தாங்கும் வி வடிவக் கட்டையை 59 பாகையிலே நிறுத்தி, ஒரே தடுப்பிலே இரண்டு உதடுகளையும் மாறிமாறி வைத்தறைத்தால் கைப்பிழை நீங்கும்.

இரண்டாம் பொறி

கோணம் நின்றபின்னும் கருவியின் முகத்திலே அலை அலையான வரிகள் தோன்றின. அளவுமானியின் ஊசியைச் சுழலச்சின்மேல் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஊசி பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. அச்சு கோணியிருந்தது. லேத்தின் தாடைப்பிடி தேய்ந்தது. அதிலே திருப்பித் திருப்பிப் பிடித்துக் கடைந்ததால் வந்த குறை அது.

தேய்ந்த லேத்தைக் கொண்டு நேரான அச்சைக் கடைவது எங்ஙனம்? ஈண்டுதான் இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. மாமா தாடைப்பிடியைக் கழற்றிவிட்டார். தண்டின் இரு நுனியிலும் குழி இட்டு, இரண்டு ஊசிமுனைகளுக்கு நடுவே தாங்கி, பேரிங் அமரும் இரண்டு இடங்களையும் கல் அமரும் இடத்தையும் ஒருமுறையும் கழற்றாமல் ஒரே பிடியிலே கடைந்து முடித்தார். கருவியின் முனையை முதற்பொறியிலே தீட்டிக்கொண்டார். மூன்று இடங்களும் ஒரே அச்சைச் சுற்றி அமைந்தன. தாடைப்பிடியின் தேய்மானம் வேலைக்குள் நுழைய வழியே இல்லாமற் போயிற்று. ஊசியின் ஆட்டம் நூறில் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிற்று.

கல்லுக்கும் அதே நெறி. கல்லைத் தனியே வட்டமாக்கிப் பூட்டுவதில்லை. பூட்டியபின் அது சுழலும்போதே வைர முனையை மெல்ல நகர்த்தி அறைக்கிறோம். எந்த அச்சிலே சுழலவேண்டுமோ அந்த அச்சிலேயே கல் வட்டமாகிறது.

மேடைக்கும் அதே நெறிதான். மேடை மேடுபள்ளமாயிருந்தால் அதன்மேல் நகரும் தாங்கி ஆடும், கோணமும் ஆடும். செப்பமான தட்டை முகம் நம்மிடம் இல்லாதபோது புதிய தட்டை முகத்தை எதனோடு ஒப்பிடுவது? ஆங்கிலப் பொறியாளர் விட்வர்த் 1840இல் கிளாஸ்கோவிலே கூடிய அறிஞர் கூட்டத்தின் முன் இதற்குரிய முறையை விளக்கினார். மூன்று தட்டுக்களை எடுத்துக்கொள்க. முதலாவதன்மேல் நீலச் சாயத்தை மெல்லப் பூசி இரண்டாவதை வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களிலே சாயம் ஒட்டும். அவற்றைச் சுரண்டி நீக்குக. இரண்டும் பொருந்திவிட்டாலும் ஒன்று குவிந்தும் ஒன்று குழிந்தும் இருக்கலாம் அன்றோ? அங்கேதான் மூன்றாவது சாட்சி சொல்கிறது. குவிந்த முதலாவதோடு பொருந்துமாறு மூன்றாவதைச் சுரண்டினால் அதுவும் குழியும். குழிந்த இரண்டாவதையும் குழிந்த மூன்றாவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓரங்கள் மட்டுமே தொடும், பொய் வெளிப்பட்டுவிடும். இப்படி மாற்றி மாற்றியும் திருப்பித் திருப்பியும் ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துமளவும் சுரண்டினால், மூன்றும் தட்டையாகின்றன. முன்பு எங்குமே இல்லாத செப்பம் மூன்று செப்பமற்ற தட்டுக்களிலிருந்து பிறக்கிறது.

உடைந்த பம்புகளின் வார்ப்பிரும்பு அடித்தளங்களிலிருந்து அறுத்தெடுத்த மூன்று தட்டுக்களை நாங்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் சுரண்டினோம். சுரண்டும் உளி எது தெரியுமா? தேய்ந்துபோன பழைய அரம். அதற்குக் கூர் கொடுத்தது எது? குறையுள்ள அந்த முதற்பொறிதான். தன் குறையைத் திருத்தும் கருவிக்கு அதுவே கூர் தீட்டிக் கொடுத்தது.

ஊரும் உலகும்

இது மாமா ஒருவரின் கதையன்று. 1930களின் தொடக்கத்திலே பைகாரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்ததன் பின், பஞ்சாலைகளை ஒட்டிப் பழுது பார்க்கும் பட்டறைகள் பெருகின. பழுது பார்த்தவர்கள் உறுப்புக்களைச் செய்தார்கள். பின்னர் பொறிகளையே செய்தார்கள். ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்நாட்டிலேயே செய்த முதல் மின்மோட்டாரை வெளியிட்டனர். 1955இல் சபாபதி என்பார் மாவாட்டும் கிரைண்டரை அந்நகரிலேதான் உருவாக்கினார் என்பர். ஜி. டி. நாயுடு பள்ளிப்படிப்பைத் தொடராதவர். மோட்டார் வண்டியைப் பிரித்துப் பூட்டிக் கற்றவர்.

கடலுக்கு அப்பாலும் இவ்வேட்கை உண்டு. இங்கிலாந்திலே பேராசிரியர் சாடக் என்பார் தம் வீட்டுப் பட்டறையிலே கூர் தீட்டும் பொறி ஒன்றை வகுத்து, குவார்ன் என்று ஊரின் பெயரையே அதற்கு இட்டு, 1970களிலே செய்முறையை இதழ் வாயிலாக வெளியிட்டார். அதைப் பின்பற்றிப் பல நாடுகளிலே பலர் தத்தம் வீட்டிலே அப்பொறியைச் செய்தனர். அறிந்ததை மறைக்காமல் எழுதி வைத்ததால் ஒருவர் பட்டறை பலர் பட்டறையாயிற்று. நம்மவரிடம் கைத்திறன் குறைவில்லை. எழுதி வைக்கும் வழக்கந்தான் குறைவு. மாமாவுக்குத் தெரிந்தவற்றிலே பாதிகூட எந்தத் தமிழ் நூலிலும் நான் கண்டதில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

மாணவ நண்பர்களே, நல்ல ஆய்வுக்கூடம் இல்லை, நல்ல பொறி இல்லை, ஆகவே ஒன்றும் செய்ய இயலவில்லை என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். சரியான முறை இருந்தால் குறையுள்ள கருவி தன்னினும் குறை குறைந்த கருவியைப் பெற்றுத்தரும் என்பதை அந்த ஓட்டுச் சாய்ப்பிலே நான் கண்டேன். அன்று தீட்டிய பிட்டால் துளையிட்ட பம்பு ஒன்று மாலையிலேயே ஓடத் தொடங்கியது. உழவர் வந்து கூலி கொடுத்துவிட்டுப் போனார். கோணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது.

மூன்று தட்டுக்களிலே ஒன்று மேடையாயிற்று; ஒன்று தாங்கியின் அடித்தளமாயிற்று. மூன்றாவதை மாமா எண்ணெய் தடவித் துணியிலே சுற்றி வைத்திருக்கிறார். “மத்த ரெண்டும் தேய்ஞ்சா எது சரின்னு சொல்ல ஒண்ணு வேணுமில்லீங்களா?” என்கிறார்.